மரக்கட்டையில் எழுதிய நடனம்: சிங்கப்பூர் பாலர் பள்ளிகளில் ரோபோ விளையாட்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையால் ஓர் இயந்திரத்துக்கு நிரல், அதாவது அது செய்ய வேண்டியவற்றின் கட்டளை வரிசை, எழுத முடியுமா? சிங்கப்பூர் இந்தக் கேள்வியை 2015-இல் நேராக வகுப்பறையில் வைத்துப் பார்த்தது. அப்போதைய இன்ஃபோகாம் மேம்பாட்டு ஆணையம் ‘பிளேமேக்கர்’ என்ற திட்டத்தின் கீழ் 160 பாலர் பள்ளிகளுக்குத் தொழில்நுட்ப விளையாட்டுப் பொருள்களை வழங்கியது. அவற்றில் சில பள்ளிகளில் 98 குழந்தைகள் ஏழு வாரம் ரோபோக்களுக்கு நடனம் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமாண்டா சல்லிவனும் மெரினா உமாஷி பெர்ஸும் அதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 2017-இல் வெளியானது.

சிறு குழந்தைகளும் டிஜிட்டல் கருவிகளும் என்று பேச்சு வந்தால், போனைக் கொடுப்பதா பிடுங்குவதா என்பதோடு நம் வீடுகளில் அது நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது என்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் மீதி நேரத்தில் அந்தக் குழந்தைக்குத் தொழில்நுட்பத்தை எப்படி அறிமுகப்படுத்துவது, அறிமுகப்படுத்தத்தான் வேண்டுமா என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது. சிங்கப்பூரின் முயற்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அங்கு வகுப்பறைக்குள் வந்த முக்கியமான மூன்று பொருள்களிலும் திரை இல்லை.

முதலாவது பீ-பாட் என்ற தேனீ வடிவ ரோபோ. இரண்டாவது கிபோ, மரக்கட்டைகளை அடுக்கி இயக்கும் ரோபோ. மூன்றாவது மின்சுற்று ஒட்டிகள்: செப்பு நாடா, நாணயம் போன்ற சிறு பேட்டரி, ஒட்டிக்கொள்ளும் சின்ன விளக்குகள். ஜியே சீயும், சிங்கப்பூரில் வசிக்கும் ஆண்ட்ரூ ஹுவாங்கும் உருவாக்கியவை இவை. ஒரு வாழ்த்து அட்டையில் செப்பு நாடாவைப் பாதைபோல ஒட்டி, விளக்கைச் சரியான பக்கமாக வைத்தால் எரியும். திருப்பி வைத்தால் எரியாது. மின்சாரத்துக்கு ஒரு பாதை வேண்டும், அந்தப் பாதைக்கு ஒரு திசை உண்டு என்பதைக் குழந்தை விரல் நுனியால் தெரிந்துகொள்கிறது. அழகான பொருள். ஆனால் நிரல் எழுதுதல் என்ற நம் கேள்விக்கு மற்ற இரண்டும்தான் நெருக்கமானவை.

முதுகில் பொத்தான் வைத்த தேனீ

பீ-பாட் மஞ்சளும் கறுப்புமாகத் தரையில் ஊர்ந்து போகும் ஒரு சிறு பொம்மை. அதன் முதுகில் முன்னே, பின்னே, இடம், வலம் என நான்கு அம்புக்குறிப் பொத்தான்கள்; நடுவில் ‘போ’ என்று சொல்லும் பச்சைப் பொத்தான்; நினைவை அழிக்க ஒன்று; சற்று நிற்கச் சொல்ல ஒன்று. முன்னே என்று ஒரு முறை அழுத்தினால் 15 சென்டிமீட்டர் நகரும். இடம் அல்லது வலம் அழுத்தினால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். வேண்டிய பொத்தான்களை வரிசையாக அழுத்திவிட்டுப் பச்சையைத் தொட்டால், அழுத்திய வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்து முடிக்கும். பதினைந்து சென்டிமீட்டர்க் கட்டங்கள் வரைந்த விரிப்பைத் தரையில் போட்டு, தேனீயைப் பூவிடம் கொண்டுபோ என்றால் விளையாட்டு தொடங்கிவிடும்.

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் இதில் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தேனீக்கு இடப்பக்கக் கட்டத்தில் பூ இருந்தால், குழந்தை இடது அம்பை ஒரு முறை அழுத்திவிட்டுக் காத்திருக்கும். தேனீ பக்கவாட்டில் நகரும் என்பது அதன் எண்ணம். தேனீயோ நின்ற இடத்தில் திரும்பிவிட்டு நின்றுவிடும். திரும்புவது ஒரு செயல், நகர்வது இன்னொரு செயல் என்று பிரித்துப் பார்க்கக் குழந்தைக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. நாம் நடக்கும்போது இரண்டையும் சேர்த்தே செய்வதால் பெரியவர்களுக்கே அது தனித்தனியாகத் தெரிவதில்லை.

இரண்டாவது தவறு இன்னும் சுவையானது. தேனீ குழந்தையை நோக்கி வரும்போது அதன் இடமும் வலமும் குழந்தையின் இடத்துக்கும் வலத்துக்கும் நேர் எதிராகிவிடும். குழந்தை தன் கைப்பக்கத்தை நினைத்து அழுத்தினால் தேனீ எதிர்ப்பக்கம் போகும். இங்கே நல்ல ஆசிரியர் விடையைச் சொல்லித்தருவதில்லை. குழந்தையை எழுந்து தேனீக்குப் பின்னால் போய் நின்று, அது பார்க்கும் பக்கமே பார்க்கச் சொல்வார். சில குழந்தைகள் யாரும் சொல்லாமலே உடம்பைத் திருப்பித் தேனீயாகி நின்று பார்ப்பார்கள். அடுத்தவர் நிற்கும் இடத்திலிருந்து உலகத்தைப் பார்ப்பது ஐந்து வயதில் எளிய காரியம் அல்ல. பாடப்புத்தகத்தில் வரைந்த அம்புக்குறியால் அதைக் கற்பிக்கவும் முடியாது.

மூன்றாவது தவறு குழந்தையுடையதா கருவியுடையதா என்று நான் யோசிப்பதுண்டு. பழைய வரிசையை அழிக்காமல் புதிய வரிசையை அழுத்தினால், தேனீ பழையதையும் செய்து அதன் தொடர்ச்சியாகப் புதியதையும் செய்யும். குழந்தை தான் அழுத்தியது சரி என்று உறுதியாக நம்புகிறது, அதுவும் உண்மைதான். ஆனால் தேனீயின் வயிற்றுக்குள் வேறொரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை யாராலும் பார்க்க முடியாது. எங்கே பிழை என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இதற்காகவே அம்புக்குறி வரைந்த அட்டைகளைத் தரையில் அடுக்கச் சொல்லி, அதைப் பார்த்துப் பொத்தான்களை அழுத்த வைக்கிறார்கள். கருவியில் இல்லாத ஒன்றை அவர்கள் அட்டையால் ஈடுகட்டுகிறார்கள்.

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய விடை

கண்ணுக்குத் தெரியாத இந்த நினைவுச் சிக்கலை 1970-களிலேயே ஒருவர் எதிர்கொண்டு தீர்த்திருக்கிறார். 1967-இல் வாலி ஃபயர்ஸெக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதனோடு சேர்ந்து வந்ததுதான் ஆமை: கட்டளைக்கேற்பத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் ரோபோ. பேப்பர்ட் ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜேயுடன் பணியாற்றியவர். குழந்தை தன் உடம்பை ஆமையின் இடத்தில் வைத்து யோசிக்கும் என்பது அவர் பெரிதும் நம்பிய கருத்து. ஆனால் லோகோவில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அங்கேயே கதவு அடைபட்டது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரேடியா பெர்ல்மன் 1974 முதல் 1976 வரை அந்தக் கதவைத் திறக்க முயன்றார். மூன்றரை வயதுக் குழந்தைகள்கூட ஆமைக்கு நிரல் எழுதும்படி அவர் அமைத்த கருவியின் பெயர் டார்டிஸ். முதலில் ஒரு பொத்தான் பெட்டி. அதைப் படிப்படியாகக் கொடுத்தார்: முதலில் அசைவுப் பொத்தான்கள் மட்டும், பிறகு எத்தனை முறை என்று சொல்லும் எண்கள், அதற்குப் பிறகு, அழுத்தியதை நினைவில் வைத்துத் திரும்பச் செய்யும் பொத்தான்கள். நினைவு வந்த இடத்தில்தான் சிக்கலும் வந்தது. பெட்டிக்குள் என்ன பதிவாகியிருக்கிறது என்று குழந்தையால் பார்க்க முடியவில்லை. இடையில் ஒன்றை மட்டும் மாற்றவும் வழி இல்லை.

அதனால் பெர்ல்மன் அடுத்ததாகச் செருகுபெட்டி ஒன்றைச் செய்தார். நீண்ட வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கட்டளையின் படம். பொத்தானை அழுத்தினால் ஆமை அட்டை வரிசைப்படி நகரும். எந்த அட்டை இப்போது நடக்கிறது என்பதை ஒரு சிறு விளக்கு எரிந்து காட்டும். தவறு எங்கே என்று பார்க்க விளக்கைப் பின்தொடர்ந்தால் போதும். தவறான அட்டையைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். வரிசைகளுக்குத் தனித்தனி நிறம் கொடுத்து, ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசையை அழைக்கவும் வழி செய்திருந்தார்.

இந்த வேலை அதன்பிறகு பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. சுற்றிலும் ஆண்களே இருந்த சூழலில், சின்னக் குழந்தைகளோடு விளையாடும் ஆராய்ச்சி தன்னை ஓர் அறிவியலாளராக மதிக்கவிடாதோ என்ற தயக்கம் தனக்கு இருந்ததாகப் பெர்ல்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் கணினி வலையமைப்புத் துறைக்குப் போனார். 1985-இல் அவர் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை இன்றைய வலையமைப்புகளின் அடிப்படைகளில் ஒன்றாயிற்று. இணையத்துக்கு அது பெரிய லாபம். குழந்தைகளுக்கு நேர்ந்த இழப்பை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. பாலர் கல்வி இளக்காரமான வேலை என்ற எண்ணம் ஆய்வுக்கூடம்வரை எட்டியிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

கட்டையைப் படிக்கும் ரோபோ

கிபோவை உருவாக்கிய மெரினா பெர்ஸ் பேப்பர்ட்டின் மாணவி, அர்ஜென்டினாவில் பிறந்தவர். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய ஆய்வுக்குழு, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு இந்த ரோபோவை வடிவமைத்தது. 2014 வாக்கில் அது கடைக்கு வந்தது.

இதன் நிரல் மரக்கட்டைகளால் ஆனது. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு படம், ஒரு சொல், ஒரு பார்கோடு. பச்சை நிறத் தொடக்கக் கட்டைக்கும் சிவப்பு நிற முடிவுக் கட்டைக்கும் நடுவே முன்னே போ, பின்னே வா, திரும்பு, சுற்று, குலுங்கு, விளக்கை எரி, பாடு போன்ற கட்டைகளைக் குழந்தை ஒன்றோடொன்று செருகி வரிசையாக்குகிறது. பிறகு ரோபோவைக் கையில் தூக்கி, அதன் உடம்பிலேயே இருக்கும் ஸ்கேனரின் சிவப்பு ஒளியை ஒவ்வொரு பார்கோடு மீதும் முறையாகக் காட்ட வேண்டும். முடிவுக் கட்டைவரை காட்டிவிட்டு, ரோபோவைத் தரையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். ‘திரும்பச் செய்’ கட்டையோடு எண் அட்டையைச் சேர்த்தால் நடுவில் உள்ளதை அத்தனை முறை செய்யும். காது வடிவச் சென்சாரைப் பொருத்தி ‘கைதட்டலுக்குக் காத்திரு’ என்ற கட்டையை வைத்தால், தட்டும்வரை அசையாமல் நிற்கும்.

ரோபோவின் அடிப்பகுதி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது; புரட்டிப் பார்த்தால் பேட்டரியும் கம்பிகளும் தெரியும். சக்கரங்களையும் மோட்டார்களையும் குழந்தையே பொருத்த வேண்டும். மேலே ஒரு சிறு மேடை. அதன்மேல் காகிதம், துணி, பஞ்சு, களிமண் எதை வேண்டுமானாலும் வைத்து அலங்கரிக்கலாம். ரோபோவை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். கண், மூக்கு வைத்த அழகுப் பொம்மையாகக் கொடுத்திருந்தால் குழந்தை அதை வேடிக்கை பார்த்திருக்கும். இங்கே அது என்னவாக வேண்டும் என்பதையே குழந்தைதான் முடிவு செய்கிறது.

பெர்ல்மனின் செருகுபெட்டி கற்றுக்கொடுத்த பாடம் இதில் முழுமையாக இருக்கிறது. ரோபோ ஆடி முடித்த பின்னும் நிரல் தரையில் கிடக்கிறது. மூன்று குழந்தைகள் சுற்றி உட்கார்ந்து, இந்தக் கட்டைதான் தப்பு என்று விரல் வைத்துச் சண்டை போட முடிகிறது. சண்டைக்கு ஒரு பொருள் இருப்பது பெரிய விஷயம். கைக்கணினியில் நிரல் எழுதும்போது கருவியைப் பிடித்திருக்கும் பிள்ளைதான் ராஜா, மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தரையில் நீளமாகக் கிடக்கும் கட்டை வரிசையை ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ள முடியாது.

ஒரு குறையும் உண்டு. ஸ்கேன் செய்த பிறகு கட்டையை மாற்றி வைத்தால், தரையில் இருப்பதும் ரோபோவுக்குள் இருப்பதும் வேறாகிவிடும். மாற்றியதும் மறுபடி முதலிலிருந்து காட்ட வேண்டும். இடையில் ஒரு பார்கோடு விட்டுப்போனால் அந்த அசைவு நடக்காது. ஆனால் தேனீயின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் பழைய வரிசையைவிட இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. அருகில் ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டைகள் கிடக்கின்றனவே.

ஏழு வாரம்

சிங்கப்பூர் வகுப்புகளில் நடந்த பாடத்தின் பெயர் ‘உலகத்து நடனங்கள்’. ரோபோவின் பாகங்கள், நிரலின் வரிசை, சென்சார், திரும்பச் செய்தல் என்று வாரவாரமாக முன்னேறி, முடிவில் குழந்தைகள் குழுவாகச் சேர்ந்து ஒரு நடனத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ப ரோபோவை அலங்கரித்து, அதை ஆட வைக்க வேண்டும். ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ் என்று நான்கு ஆட்சிமொழிகள் உள்ள நாட்டில், ஒரே வகுப்பில் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு மூன்றையும் கொண்டாடும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் நன்றாகப் பொருந்தியது.

நடனத்தைத் தேர்ந்தெடுத்ததில் கற்பித்தல் நுட்பம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நடனம் வரிசையால் ஆனது; எந்த அசைவுக்குப் பின் எது என்பதுதான் அதன் உயிர். அது திரும்பத் திரும்ப வருவது. ஒரே அடவை நான்கு முறை எழுதாமல் ‘நான்கு முறை’ என்று சொல்லலாம் என்பது பாட்டோடு ஆடும் குழந்தைக்குத் தானாகவே புரியும். ஓசைக்குக் காத்திருந்து தொடங்குவதும் நடனத்தில் உண்டு. கணினியியல் பாடம் என்று பட்டியல் போட்டால் வரும் மூன்று கருத்துகள், பிள்ளைகள் ஏற்கெனவே உடம்பால் அறிந்த ஒன்றுக்குள் ஒளிந்திருந்தன. ரோபோவை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ஓட்டு என்று சொல்லியிருந்தால், பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். நடனத்தில் ‘சரி’ என்பதைத் தீர்மானிக்கிறவர்களே அவர்கள்தான்.

கற்றலை அளக்கப் பயன்பட்ட முறையும் குறிப்பிடத்தக்கது. குழந்தைக்கு ரோபோவைப் பற்றிய ஒரு சிறு கதை சொல்லப்படும். கதையில் ரோபோ என்னென்ன செய்ததோ அவற்றை, கட்டைகளில் இருக்கும் அதே படங்களைக் கொண்ட காகிதத் துண்டுகளால் வரிசைப்படுத்த வேண்டும். எழுத்து வேண்டாம், பேச்சுத் திறனும் அதிகம் வேண்டாம். கூச்சப்படும் குழந்தையும் தெரிந்ததைக் காட்ட முடியும்.

முடிவு தெளிவாக இருந்தது. நிரல் எழுதுதலின் அடிப்படைக் கருத்துகளைக் குழந்தைகள் மிக நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதே குழுவினர் அமெரிக்காவில் பாலர் பள்ளி முதல் இரண்டாம் வகுப்பு வரையிலான 60 குழந்தைகளோடு எட்டு வாரம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: மிகச் சிறியவர்களுக்கும் அடிப்படை வரிசை வந்துவிடுகிறது, சிக்கலான கருத்துகள் வயதோடு கூடி வருகின்றன. எலிசபெத் கசகாஃபும் இவர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஒரு வாரம் ரோபோப் பட்டறையில் இருந்த குழந்தைகள் படக்கதைகளைச் சரியான வரிசையில் அடுக்குவதில் முன்பைவிட மேம்பட்டிருந்தார்கள். கதையை வரிசையாகச் சொல்லும் திறன் வாசிப்புக்கு அடித்தளம் என்பதால், எனக்கு ரோபோவைவிட இந்தக் கண்டுபிடிப்புதான் முக்கியமாகத் தோன்றுகிறது.

ஆசிரியர்கள் செய்ததும் செய்ய முடியாததும்

சிங்கப்பூர் ஆய்வு குழந்தைகளோடு ஆசிரியர்களையும் கவனித்தது. பெர்ஸ் நீண்ட நாளாக ஓர் ஒப்புமை சொல்லிவருகிறார்: தொழில்நுட்பம் குழந்தைக்குத் தடுப்புவேலி போட்ட தொட்டிலாக இருக்கலாம், அல்லது விளையாட்டுத் திடலாக இருக்கலாம். தொட்டிலில் ஆபத்தில்லை, ஆனால் செய்வதற்கும் ஒன்றுமில்லை. திடலில் விழலாம், சண்டை போடலாம், புது ஆட்டம் கண்டுபிடிக்கலாம். வகுப்பறை திடலாக இருக்கிறதா என்று பார்க்க அவர் ஆறு செயல்களைப் பார்க்கச் சொல்கிறார். பேசிக்கொள்கிறார்களா, சேர்ந்து செய்கிறார்களா, புதிதாக உண்டாக்குகிறார்களா, கற்பனை வெளிப்படுகிறதா, நல்லது கெட்டதைத் தாங்களே தேர்ந்தெடுக்க இடமிருக்கிறதா, வகுப்புக்கு வெளியே இருக்கும் சமூகத்தோடு தொடர்பு உண்டாகிறதா என்பவை அவை.

சேர்ந்து செய்யவும் கற்பனையாகச் செய்யவும் ஏற்ற சூழலை ஆசிரியர்கள் நன்றாகவே உருவாக்கியிருந்தார்கள். இவர்கள் பொறியியல் படித்தவர்கள் அல்லர். பாலர் கல்வி ஆசிரியர்கள். குழந்தைகளைக் குழுவாக வைத்து நடத்துவது அவர்கள் கைவந்த கலை. ரோபோ அந்தக் கலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர்கள் தடுமாறிய இடம் ஆறாவது: பள்ளியின் மற்ற பகுதிகளையும் குடும்பங்களையும் இதற்குள் கொண்டுவருவது.

ஆய்வுக் கட்டுரையில் இது ஒரு சிறு குறிப்பாகக் கடந்துபோகிறது. எனக்கு இதுதான் நிகழ்வின் மையம். கட்டுப்பாடான கால அட்டவணை, வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெற்றோர், புதிய கருவியை முதன்முறை கையாளும் ஆசிரியரின் பதற்றம் எல்லாம் காரணமாக இருக்கலாம். ஆசிரியரைக் குறை சொல்ல நான் இதை எடுக்கவில்லை. ஏழு வாரத்துக்குள் ஒரு கருவியைக் கற்று, கற்பித்து, நிகழ்ச்சியும் நடத்திக் காட்டியவரிடம் குடும்பத்தையும் அழைத்துவா என்பது அதிகம்தான். குறை திட்டத்தில் இருக்கிறது. கருவிக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கிய திட்டம், பெற்றோர் வந்து தரையில் உட்கார ஒரு மாலைப்பொழுதையும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வீடு வேறு விதமாக இருக்கிறது. பள்ளியில் கட்டை அடுக்கித் தவறு கண்டுபிடித்த குழந்தை, வீட்டுக்கு வந்ததும் ஓடும் காணொளியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறது. இரண்டையும் பெற்றோர் ‘தொழில்நுட்பம்’ என்ற ஒரே பெயரால்தான் அறிகிறார்கள். வகுப்பறையில் நடந்ததை ஒரு முறை பார்த்த தாயும் தந்தையும், தங்கள் பிள்ளை எதையாவது சொல்லி அது நடக்கிறதா என்று பார்க்கும் கருவி எது, பிள்ளைக்கு எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும் கருவி எது என்று வேறுபாடு காண்பார்கள். ரோபோ இல்லாத வீட்டிலும் இது கைகொடுக்கும். பெர்ஸும் மிட்செல் ரெஸ்னிக்கும் பௌலா பொன்டாவும் 2014-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலி ஐந்து முதல் ஏழு வயதுக்கானது, இலவசமாகக் கிடைப்பது, கட்டைகளை வாசிப்பதுபோல இடமிருந்து வலமாகக் கோத்து, படங்களை நகர வைப்பது. அதில் திரை உண்டு. ஆனாலும் எழுதிய வரிசை கண்முன்னே நிற்கிறது. அந்த வகையில் அது காணொளியின் பக்கம் சேராது, மரக்கட்டையின் பக்கமே சேரும்.

எவ்வளவு நம்பலாம்

இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. ஏழு வாரம் முடிந்த பின் அளந்தார்கள். ரோபோ இல்லாமல் அட்டையும் பாட்டும் வைத்து இதே அக்கறையோடு ஏழு வாரம் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இதிலிருந்து சொல்ல முடியாது. ரோபோவை வடிவமைத்தவரே ஆய்வாளர்களில் ஒருவர். அதை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். அதனால் முடிவுகள் பொய் என்று ஆகாது. ஆனால் வேறு கைகள் இதைச் சோதிக்க வேண்டும் என்று ஆகிறது. ஒரு கிபோ பெட்டி சில நூறு அமெரிக்க டாலர். சிங்கப்பூரில் அரசு கொடுத்தது. கொடுக்க ஆளில்லாத இடத்தில் இதன் வழி வேறாகத்தான் இருக்கும்.

நல்லவேளையாக, இதில் விலை அதிகமானது ரோபோதான். கற்பித்தலின் பெரும்பகுதி ரோபோவுக்கு வெளியே நடக்கிறது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்து, ஒரு குழந்தை அம்புக்குறி அட்டைகளை அடுக்க, இன்னொரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சொன்னதை மட்டும் செய்யும் ரோபோவாக நடக்கலாம். இதை எத்தனையோ பாலர் பள்ளிகள் கருவி வருவதற்கு முன்பே முதல் பாடமாக நடத்துகின்றன. பார்கோடும் மோட்டாரும் இதில் சேர்ப்பது ஒன்றுதான், ஆனால் அது சிறிதல்ல: இயந்திரம் இரக்கம் காட்டாது. தோழன் நம் முகத்தைப் பார்த்துத் தப்பைத் தானே சரிசெய்துகொண்டு நடப்பான். ரோபோ சொன்னதை மட்டுமே செய்யும்.

தமிழ் வகுப்புக்கு ஒரு வழி

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, 2010-இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. ஆங்கிலம் 48.3 விழுக்காட்டை எட்டிவிட்டது. அங்குள்ள பாலர் பள்ளிகளில் தமிழ் தாய்மொழிப் பாடமாக உண்டு; ரோபோவும் கட்டையும் பெரும்பாலும் ஆங்கில நேரத்துக்கு உரியவை. குழந்தைக்குப் புதியது, சுவையானது எல்லாம் ஆங்கிலத்தில் நடக்க, தமிழுக்கு எழுத்தும் பாட்டும் மட்டும் மிஞ்சுவது நல்ல பங்கீடு அல்ல.

கிபோ கட்டையில் ஆங்கிலச் சொல் இருந்தாலும் படமும் இருக்கிறது. எழுத்தறியாத பிள்ளை படத்தைத்தான் படிக்கிறது. அந்தப் படத்தைத் தமிழில் படிக்க ஒரு தடையும் இல்லை. முன்னே, பின்னே, இடப்பக்கம், வலப்பக்கம், சுற்று, நில், மறுபடி ஆகிய சொற்கள் அட்டையைப் பார்த்து ஒப்பிப்பதைவிட, ரோபோவை நகர்த்தச் சொல்லும்போது எளிதாக நாவில் உட்காரும். தப்பாகச் சொன்னால் ரோபோ தப்பாகப் போகும். சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதற்கு ஐந்து வயதில் வேறு விளக்கம் வேண்டாம்.

கும்மியை எடுத்துக்கொள்ளலாம். வட்டமாகச் சுற்றி, கைதட்டி ஆடுவது. கிபோவிடம் கைதட்டலுக்குக் காத்திருக்கும் கட்டை இருக்கிறது, சுற்றும் கட்டை இருக்கிறது, திரும்பச் செய்யும் கட்டை இருக்கிறது. நான்கு ரோபோக்களை வட்டமாக நிறுத்தி, கும்மிப் பாட்டு தெரிந்த ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்து, அவர் பாடித் தட்டினால் ரோபோக்கள் சுற்றும்படி பிள்ளைகள் கட்டை அடுக்கலாம். ஆசிரியர்கள் தடுமாறிய அந்த ஆறாவது இடத்துக்கு இது ஒரு வழி. பாட்டி பார்வையாளராக வந்து போகாமல், நிரல் இயங்குவதற்கே தேவைப்படும் ஆளாக உட்கார்ந்திருப்பார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்: காதுச் சென்சாருக்குப் பாட்டியின் தட்டலும் பக்கத்து மேசைக் குழந்தையின் கூச்சலும் ஒன்றுதான். முதல் சுற்றில் ரோபோக்கள் நேரம் தவறிச் சுற்றும். ஏன் சுற்றியது என்று பிள்ளைகள் தேடட்டும்; சத்தம் போட்டது யார் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.